பேக்கப் எடுக்காத ஞாயிறு

கிணத்துக்கடவு அருகே ஒரு மருத்துவமனையில் கணினிப் பொறுப்பு என்னுடையது. ஞாயிறு மதியம் சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பித்தேன். "பேக்கப் எடுத்தாச்சுங்க" என்று மேலாளரிடம் சொன்னது பொய்; தகவல்களுக்கு நகல் எடுக்கவே இல்லை.

சர்வர் மீண்டும் இயங்கியது. நோயாளிகளின் விவரங்கள் இருந்த டேட்டாபேஸ் திறக்கவில்லை. மூன்று முறை முயன்றேன்.

அப்போது நர்ஸ் போன் செய்தார்.

"ஏனுங்க, காய்ச்சல்ல மயங்கிக் கெடக்கறவருக்குப் பென்சிலின் போடோணும். ஒத்துக்காத மருந்துன்னு ஸ்கிரீன்ல ஒண்ணுமே காட்டலீங்க. அத நம்பிப் போட்டரலாமுங்களா?"

என் பொய்யைக் காப்பாற்றத் தோன்றியது. ஒரு நொடி தயங்கினேன்.

"வேண்டாமுங்க! டேட்டாபேஸ் போயிருச்சு. பேக்கப்பும் இல்லீங்க. அவரு ஊட்டுல கேளுங்க."

நோயாளியின் மனைவியைக் கேட்டு வேறு மருந்து கொடுத்தார்கள். புதுப்பித்ததில் டிஸ்கின் பெயர் மாறி, சர்வருக்கு அது தெரியாமல் போயிருந்ததை மாலையில்தான் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். அந்த நோயாளியின் பக்கத்தைத் திறந்தேன். 'பென்சிலின் ஆகாது' என்று சிவப்பில் இருந்தது.

அவர் குணமாகி வீடு திரும்பினார். நான் தயங்கிய அந்த ஒரு நொடியைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.