பாப்பாவின் எடையும் நார்மல் ஃபோர்ஸும்

கல்லூரி முதல் வருடம் இந்த நார்மல் ஃபோர்ஸ் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மேசைமேல் புத்தகம் வைத்தால் மேசை அதைத் திருப்பி மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் கணக்கில் யாராவது கயிறு கட்டிப் புத்தகத்தை லேசாக மேலே இழுத்தாலும், நான் அதன் முழு எடையையே விடையாக எழுதிவிடுவேன். மேடம் சிவப்பு மையில் சுழித்து, "மேசை எவ்ளோ தாங்குதுன்னுதானேம்மா கேட்டேன்?" என்பார். மனப்பாடம் செய்தும் மண்டையில் ஏறவில்லை.

அப்போது அக்கா பிரசவத்துக்கு வந்து, அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பாப்பாவுக்கு ஊசி போடப் போன இடத்தில் எடை கம்மி என்றார்கள். சேதி கேட்டு வந்த அக்காவின் மாமியார், தாய்ப்பால் பத்தவில்லை, பவுடர் பால் வாங்குங்கள் என்று பிடித்துக்கொண்டார். தொடையெல்லாம் மடிப்பு மடிப்பாக இருக்கிறதே என்று நான் வாயைக் கொடுத்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா சாப்பிடாமல் அழுதாள்.

எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று மூன்று பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். ஒரே கூட்டம். அக்கா பாப்பாவை எடை மெஷின் தட்டில் கிடத்தினாள். நர்சம்மா அவசரத்தில் எண்ணை மட்டும் பார்த்தார். மறுபடியும் கம்மி. மாமியார் என்னைப் பார்த்தார். நான் அக்காவின் கையைப் பார்த்தேன். பிள்ளை உருண்டுவிடுமோ என்று முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து லேசாகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. மெஷின் தான் தாங்குவதை மட்டும்தான் காட்டும். மிச்சத்தை அக்கா தாங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கைய எடு."

"விழுந்துடும்டி."

"நான் தொடாம பக்கத்துலயே கைய வெச்சிருக்கேன். நீ எடு."

எடுத்தாள். எண் ஏறியது. நர்சம்மா குனிந்து பார்த்து, எடை நன்றாகவே இருக்கிறது, தாய்ப்பாலே போதும் என்று சொல்லி அட்டையைத் திருத்தினார்.

ஷேர் ஆட்டோவில் மாமியார் பவுடர் பால் பேச்சையே எடுக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மட்டும் கேட்டார். நார்மல் ஃபோர்ஸ் என்றேன், எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மாவிடம், எங்க மருமகளோட தங்கச்சி காலேஜில் படிக்குது என்று அவரே ஆரம்பித்துவிட்டார்.

அக்கா மட்டும் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு தன் கையையே பார்த்தபடி வந்தாள்.

"அப்போ போன தடவையும் நான்தான் தாங்கிட்டு இருந்தேனாடி?"

"ஆமாக்கா," என்றேன்.