தகர டிரம்மில் எரித்த பாட்டு நோட்டு

சபையில் சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் முகம் மலர்ந்து நிற்பார்கள். நான் தலை குனிந்துதான் இதை எழுதுகிறேன். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பதில் கொடுத்த இடத்தில் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

என் பெயர் செல்லத்துரை. தென்காசியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாக எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்தி வருகிறேன். சினிமா பாட்டு என்றாலே எனக்கு ஆகாது. கடையில் வேலை செய்கிறவர்கள் எஃப்.எம். கேட்கக் கூடாது. பஸ்ஸில் பாட்டுப் போட்டால் கண்டக்டரோடு சண்டைக்குப் போவேன். பஜாரில் என் கடைக்கு 'ஊமைக் கடை' என்றே பெயர். அதை ஒரு பட்டம் மாதிரி நினைத்துத் திரிந்தேன்.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள் காலை, தோசை சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி பொன்மணி கரண்டியைக் கீழே போட்டாள். "என்னட்டி ஆச்சு?" என்று ஓடினேன். வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. பக்கவாதம். உயிர் பிழைத்தாள். வலது கையும் காலும் மெல்ல மெல்லக் கொஞ்சம் அசைந்தன. பேச்சு மட்டும் அடியோடு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "தா... தா..." என்பதற்கு மேல் எதுவும் வராது. தண்ணீருக்கும் "தா", வலிக்கும் "தா". சொல்ல முடியாத கோபத்தில் அவள் தன் நெற்றியிலேயே அடித்துக்கொள்வாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

திருநெல்வேலியில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனோம். பயிற்சி கொடுத்த நிஷா சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி. முதல் நாளே என்னிடம் கேட்டாள்.

"சார், இவங்கள மாதிரி சில பேருக்குப் பேச்சு வராட்டாலும் பாட்டு வரும். பாட்டைப் பிடிச்சுக்கிட்டே பேச்சைக் கொண்டு வந்துரலாம். அக்கா சின்ன வயசுல இருந்து மனப்பாடமா பாடுன பாட்டு ஏதாவது சொல்லுங்க. சினிமா பாட்டா இருந்தாலும் சரி."

"எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாதும்மா. கீர்த்தனைதான்."

"கல்யாணத்துக்கு முன்னாடி?"

"அப்பவும் அதேதான்" என்றேன்.

பொய். தெரிந்தே சொன்ன பொய். பக்கத்து நாற்காலியில் பொன்மணி உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. மறுத்துச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை என்ற தைரியத்தில்தான் அப்படிச் சொன்னேன். எவ்வளவு ஈனமான தைரியம்!

பொன்மணி வாசுதேவநல்லூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கர்த்தரை ஏற்றுக்கொண்டு, ஞானஸ்நானம் எடுத்து, வீட்டாரின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு என்னைக் கட்டிக்கொண்டாள். வரும்போது பெட்டியில் ஒரு கோடு போட்ட நோட்டு கொண்டுவந்தாள். பள்ளிக்கூட நாள் முதல் ரேடியோவில் கேட்டுக் கேட்டு எழுதிய சினிமா பாட்டுகள். களை எடுக்கும்போது பாடுவாளாம், போட்டியில் பாடி டம்ளர் பரிசு வாங்கினாளாம். எங்கள் சபையில் ஜனவரி முதல் ஞாயிறு ஒப்படைப்புக் கூட்டம் நடக்கும். உலகத்துக்கு உரியது என்று தோன்றும் கேசட், பத்திரிகை எல்லாவற்றையும் கொண்டுவந்து, ஆலயத்துக்குப் பின்னால் தகர டிரம்மில் போட்டு எரிப்போம். மண்ணெண்ணெய் ஊற்றுவது என் ஊழியம். கல்யாணமான முதல் ஜனவரியில் அந்த நோட்டை அவள் கையாலேயே போடச் சொன்னேன்.

"ஒரே ஒரு தடவை படிச்சிட்டுப் போடட்டுமா?" என்று கேட்டாள்.

"திரும்பிப் பாக்கக் கூடாது. போடு" என்றேன்.

போட்டாள். அழவில்லை. அதற்குப் பிறகு அவள் தானாகப் பாடி நான் கேட்டதில்லை. ஆலயத்தில் புத்தகத்தைப் பார்த்து வாயசைப்பாள், அவ்வளவுதான். இதெல்லாம் தெரிந்துதான் நிஷாவிடம் பொய் சொன்னேன். பாடகர் குழுத் தலைவன் வீட்டில் சினிமா பாட்டு வைத்தியமா என்ற வெட்கம்.

நான்கு மாதம் நிஷா கீர்த்தனைகளை வைத்துப் போராடினாள். "தா... தா..." தான். "முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம் சார்" என்று அவள் சொன்னபோது குரலில் சோர்வு தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, ஒரே ஒரு வாக்கியம். அவள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் கேட்டால் போதும்" என்று முழங்காலில் நின்று அழுதேன். பதில் வராததற்கு அவளிடம் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது என்றுகூட நினைத்தேன். படுத்திருந்த மனைவியின் அலமாரியைக் குடைந்து தேடினேன்.

ஆனி மாதம் சாரல் கட்டியது. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் இசக்கி வந்து கூப்பிட்டான். "வாங்க அண்ணாச்சி, ஐந்தருவி வரைக்கும் போயிட்டு வருவோம். சாரல் மூஞ்சியில பட்டா மைனிக்கு மனசு லேசாகும்லா."

போனோம். சீசன் கூட்டம் நெரிந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆட்கள் அருவிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு டீக்கடை ஓரம் ஆட்டோவை நிறுத்தி, பொன்மணியை இறக்கி பெஞ்சில் உட்காரவைத்தோம். கடை ஸ்பீக்கரில் மழையைப் பற்றிய பழைய சினிமா பாட்டு ஒன்று அலறிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நோயாளி இருக்கா, அத நிறுத்துங்க" என்று கத்தினேன்.

"சீசன்ல பாட்டு இல்லாம எவன் அண்ணாச்சி டீ குடிக்க வருவான்?" என்று முனகிக்கொண்டே கடைக்காரர் நிறுத்தினார்.

ஸ்பீக்கர் நின்றது. பாட்டு நிற்கவில்லை.

பொன்மணி பாடிக்கொண்டிருந்தாள். குரல் கரகரத்தது. ஆனால் வார்த்தை வார்த்தையாக, ஒன்றுகூடப் பிசகாமல், ஸ்பீக்கர் விட்ட இடத்திலிருந்து பாடினாள். இடது கை பெஞ்சில் தாளம் போட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சபைக்காரர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். என் கை அவள் வாயைப் பொத்தப் போனது. இசக்கி எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"என்ன அண்ணாச்சி செய்திய? கோட்டி பிடிச்சிட்டா? மைனி பாடுதாவ! மைனிக்குப் பேச்சு வருது!"

அந்த ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எந்தக் குரலைக் கேட்க நான்கு மாதம் பட்டினி கிடந்தேனோ, அந்தக் குரலையே பொத்தப் போயிருக்கிறேன். கர்த்தரை நம்பாத இசக்கிக்கு உடனே தெரிந்தது, அவரையே பாடிக்கொண்டு திரிந்த எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்தே நிஷாவுக்குப் போன் போட்டு, பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க சார்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிஷா அந்தப் பாட்டின் மெட்டிலேயே "தண்ணி வேணும்", "கால் வலிக்கு" என்று வார்த்தைகளைக் கோத்துப் பாடவைத்தாள். நானும் கூடப் பாட வேண்டும். மெட்டு பழக, ஊமைக் கடையில் முதல்முறையாகப் பாட்டு ஒலித்தது. கடைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பொன்மணி என் கையைத் தள்ளினாள். மெட்டு இல்லை, தாளம் இல்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"என் நோட்ட... ஏன்... எரிச்சிய?"

நான் ஜெபத்தில் கேட்ட முழு வாக்கியம் அதுதான்.

பரிசுத்தம், உலகத்தை விட்டு விலகி வாழும் வேறுபாட்டு ஜீவியம் என்று சொல்ல ஆயிரம் பதில் இருந்தது. ஆனால் வாயில் உண்மைதான் வந்தது. "பயந்துட்டேன்ட்டி. கல்யாணமான புதுசுல அந்த நோட்டைப் பாத்து நீ பாடும்போது உன் முகத்துல ஒரு சந்தோஷம் இருந்துச்சு. அதுல நான் இல்ல. அதான் பொறுக்கல." இருபத்து நான்கு வருஷமாகக் கர்த்தர் பேரைச் சொல்லி மறைத்து வைத்திருந்த பொறாமை அது. அவள் இடது கையால் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி என்னிடம் நீட்டினாள். பிறகு, "எழுதுங்க" என்றாள்.

சபையில் இதைச் சொன்னேன். ஒரு மூப்பர் எழும்பி, "சினிமா பாட்டாலயா ஆண்டவர் சுகம் குடுப்பாரு?" என்று கேட்டார். "நான் கேட்டது பேச்சு அண்ணாச்சி. அது எந்த வழியா வரணும்னு அவருக்கு நான் ரூட்டு போட்டுக் குடுக்க முடியுமா?" என்றேன். இந்த ஜனவரியில் நான் மண்ணெண்ணெய் ஊற்றப் போகவில்லை.

எல்லாப் பாட்டும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. இப்போது திரும்ப எழுதும்போது, பெண்களைக் கேவலமாகப் பேசும் இரண்டு பாட்டைப் பொன்மணியே "வேண்டாம்" என்று தள்ளிவிட்டாள். நல்லது கெட்டதைப் பிரித்துப் பார்க்கும் அந்த நிதானிப்பு அவளுக்கு அன்றைக்கே இருந்திருக்கும். நான்தான் கேட்கவில்லை. சகோதரரே, சகோதரியே, ஒரு பாட்டைப் பாவம் என்று அடைக்குமுன், அதைப் பாடுகிறவருக்கு அது என்ன என்று கேளுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே எது பொறுக்கவில்லை என்று கர்த்தரிடமும் கேளுங்கள். நம்பிக் கேளுங்கள், பதில் தருவார். அது நீங்கள் வெறுத்த இடத்திலிருந்து வந்தால், என்னைப் போல வாயைப் பொத்தப் போகாதீர்கள்.

புது நோட்டு வாங்கியிருக்கிறேன். அவள் பாடப் பாட நான் எழுதுகிறேன். இன்றைக்குப் பதினோராவது பாட்டு. இரண்டாவது வரி அவளுக்கு ஞாபகம் வரவில்லை, கண்ணை மூடித் தேடிக்கொண்டிருக்கிறாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.