ஏழு பேர் என்று சொன்னவன்

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. வயதானதும் அடங்கிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். அடங்கவெல்லாம் இல்லை, கத்தினால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் செய்த காரியங்களில் ஒன்றை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் கூசிப்போகிறது. எங்களைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் போட்ட மனிதர் மேலேயே நான் மனு எழுதிப் போட்டேன்.

அறுபதுகளின் பின்பாதி. சிவகங்கையில் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். ஊர், கல்லலுக்கும் காரைக்குடிக்கும் நடுவில். அப்பா செத்து மூன்று வருஷமாகியிருந்தது. அண்ணனுக்குப் பெண் பேசி முடித்துவிட்டோம். பரிசம் போடவேண்டியதுதான் பாக்கி. பெண்ணின் ஊர் எங்கள் கண்மாய்க்கு அக்கரையில் இருந்தது. கரைமேல் நடந்தால் முக்கால் மணி நேரம். ஆனால் அந்த வருஷம் ஐப்பசியிலிருந்தே பேய்மழை. கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு ஓரமாகப் பாதையையே அறுத்துக்கொண்டு போய்விட்டது.

தள்ளிப்போடலாமே என்று அண்ணன் சொன்னான். சித்தப்பா கேட்கவில்லை. கார்த்திகை முடியப்போகிறது, விட்டால் மார்கழி, அப்புறம் தை வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றார். கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர் தொண்டியிலிருந்து ஒரு பழைய தோணி கொண்டுவந்து போட்டிருந்தார். இரண்டு கரைக்கும் நடுவே கயிறு கட்டியிருந்தது. தோணியில் நின்று கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால் அக்கரை சேரலாம். நாலைந்து நாளாக ஊரே அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தது.

பரிசத்துக்கு ஒற்றைப்படையாகத்தான் போகவேண்டும். ஏழு பேர் என்று சித்தப்பா முடிவு செய்தார். சித்தப்பா, சித்தி, அக்கா, மச்சான், தாய்மாமன், பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர், நான். மாப்பிள்ளை வரக்கூடாது என்பதால் அண்ணன் வீட்டிலேயே இருந்துகொண்டான். காலையிலிருந்து இந்த ஏழு எத்தனை தடவை எங்கள் வீட்டில் புழங்கியது என்று சொல்லி மாளாது. ஏழு தட்டு, ஏழு பேர், ஏழு ஏழு என்று சித்தப்பா விரல்விட்டுக்கொண்டே இருந்தார்.

எங்களைப் பெற்ற ஆத்தா அந்த ஏழில் இல்லை. தாலி அறுத்தவள் பரிசத்தில் முன்னால் நிற்பதா? யாரும் அதைப் பேசக்கூட இல்லை. பேசவேண்டிய விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். வாழைப்பழத்தைத் துடைத்துத் தட்டில் வைத்ததும், வெற்றிலையைக் காம்பு கிள்ளி அடுக்கியதும் அவள்தான். அடுக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கரைக்கு வந்தபோது பார்க்கிறேன், தூரத்தில் தள்ளி ஆத்தா நிற்கிறாள். தட்டோடு எல்லாரும் தோணியில் ஏறிக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாயிற்று. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சித்தப்பா உத்தரவு. நான் கயிறு இழுக்கிறவன், பின்னால் நின்றேன். ஆத்தா மெல்லக் கிட்டே வந்து, "பொண்ணு வீட்டுக்குள்ள வரலப்பா. அங்குட்டு எறங்கி மரத்தடியில ஒக்காந்துக்கிறேன். அந்தப் பிள்ளை வாசலுக்கு வந்தா எட்ட இருந்து ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்றாள். குரல் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். "சத்தங்காட்டாம ஏறு" என்று கையைப் பிடித்து ஏற்றி, கடைசிப் பலகையில் எனக்குப் பின்னால் உட்காரவைத்தேன். வெள்ளைச் சேலை முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள்.

பாதிக்கு மேல் போய்விட்டோம். அக்கரையில் புதுவயல் ரைஸ்மில் லாரி ஒன்று நெல்மூட்டை ஏற்ற நின்றது. அப்போது தோணி லேசாக ஆடியது. ஆடினால் ஆடட்டும் என்று விட்டிருக்கலாம். சேலை வைத்திருந்த தட்டு அக்கா மடியிலிருந்து சறுக்கித் தோணி விளிம்புக்குப் போனது. பரிசத் தட்டு தண்ணீரில் விழுந்தால் என்ன சகுனம்! "ஐயய்யோ தட்டு!" என்று ஒரே நேரத்தில் நாலு பேர் ஒரு பக்கமாகப் பாய்ந்தார்கள். தோணி குப்புறக் கவிழ்ந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். வாய் நிறையச் சேற்றுத் தண்ணீர். யாரோ என் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். லாரியில் வந்த சுமைதூக்குகிறவர்கள் டயர் டியூப்பையும் வடத்தையும் தூக்கிக்கொண்டு குதித்துவிட்டார்கள். அவர்களுக்கு மேஸ்திரி ஒருவர், நாற்பது வயதிருக்கும், நல்ல கட்டு உடம்பு, கட்டைக்குரல். அவர்தான் மூன்று தடவை உள்ளே போய் வந்தவர். சித்தி பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். அவளை டியூப் மேல் கவிழ்த்து முதுகை அமுக்கித் தண்ணீரை எடுத்தார்.

அமுக்கிக்கொண்டே தலையைத் தூக்கி, "மொத்தம் எத்தனை பேருய்யா வந்தீக?" என்று கத்தினார்.

"ஏழு!" என்றேன்.

யோசிக்கவே இல்லை. நாக்கில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. மேஸ்திரி எங்களை விரல் நீட்டி எண்ணினார். ஏழு. "தெய்வம் இருக்குடா, எல்லாம் வந்தாச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, இந்தம்மாவுக்கு மூச்சு சரியில்ல" என்று சித்தியைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்கு ஓடினார். நாங்களும் ஏறினோம். லாரி காரைக்குடிப் பக்கம் பறந்தது.

ரெண்டு மைல் போயிருப்போம். அக்கா கூந்தலைப் பிழிந்துகொண்டே அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: "நல்லவேளை, ஆத்தா வரல."

டிரைவர் முதுகுப் பக்கத் தகரத்தை இரண்டு கையாலும் அடித்தேன். வண்டி நின்றது. "ஆத்தா! ஆத்தா தோணியில இருந்துச்சு!" மேஸ்திரி சித்தியோடு லாரியை அனுப்பிவிட்டு, டியூப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே ஓட ஆரம்பித்தார். நானும் ஓடினேன்.

கண்மாய்க்குள் கழுத்தளவு தண்ணீரில் கருவேல மரங்கள் நிற்கும். அதில் ஒன்றின் கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆத்தா இருந்தாள். இலைக்குள் அந்த வெள்ளைச் சேலை முதலில் கண்ணில் படவே இல்லை; கூப்பிட்டபோதுதான் அசைந்தாள். மேஸ்திரி நீந்திப் போய்க் கொண்டுவந்தார். முள் ஏறிய கை இரண்டும் வீங்கியிருந்தன. உதடு நீலம். கரையில் உட்காரவைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சித்திக்குத் தேவலையா?"

தேவலைதான். சித்தி பிழைத்துக்கொண்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதோடு விட்டிருந்தால் இதை எழுதவேண்டிய வேலையே இல்லை.

ஊர் விடுமா? "பெத்த தாயைத் தண்ணியில விட்டுட்டு லாரி ஏறிட்டானாம்ல" என்று டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். சுருக்கென்று ஏறிவிட்டது. "நான் எட்டுன்னுதான்யா சொன்னேன். அந்த லாரிக்காரனுக அவசரத்துல காதுல வாங்கல" என்றேன். ஒரு தடவை சொன்னது பொய். பத்து தடவை சொன்னபிறகு எனக்கே நிஜம் மாதிரி ஆகிவிட்டது. அண்ணனிடம் சொன்னேன், சித்தப்பாவிடம் சொன்னேன். போதாதென்று ஆபீஸ் புத்தி வேறு. உட்கார்ந்து, "மேற்படி மில் ஆட்கள் சம்பவ இடத்தில் அலட்சியமாக நடந்துகொண்டு, நீரில் சிக்கியிருந்த நபரைத் தேடாமல் சென்றுவிட்டபடியால்" என்று ஒரு முழுப் பக்கம் எழுதி பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒன்று, மில் முதலாளிக்கு ஒன்று அனுப்பினேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

விசாரணை முடிகிறவரை மில் பக்கம் வரவேண்டாம் என்று முதலாளி மேஸ்திரியை நிறுத்திவிட்டார். என் மனு ஜெயித்தால் அந்த மனிதருக்கு வேலை போகும், பெயரும் போகும். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பஞ்சாயத்து ஆபீசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடினோம். மில் முதலாளியும் வந்திருந்தார். மேஸ்திரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

தலைவர், "தூக்கி விட்டவுக, சுத்தி ஒரு பார்வை பார்த்துட்டுப் போகக்கூடாதா?" என்று கேட்டார்.

"பாத்திருக்கணுங்கய்யா. அது என் தப்புத்தான். அந்தம்மா மூச்சு நின்னு நின்னு வந்துச்சு, அந்தப் பதட்டம். ஆனா நான் எத்தனை பேருன்னு கேட்டேன். இந்தத் தம்பி ஏழுன்னுச்சு. எண்ணுனேன், சரியா இருந்துச்சு."

"எட்டுன்னு சொன்னேன்" என்றேன். எழுந்து நின்று, மேசையில் தட்டி வேறு சொன்னேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இன்னும் கத்தியிருப்பேன். அவர் என்னவோ கணக்குப் புரியாத ஆள் மாதிரி பார்த்தார். மற்றவர்களைக் கேட்டார்கள். சித்தப்பாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லையாம். மச்சான் மயக்கத்தில் இருந்தாராம். லாரி ஆட்கள் ஏழு என்றார்கள். அவர்கள் அவருடைய ஆட்கள்தானே என்று தலைவர் தள்ளிவிட்டார்.

கதவோரமாக நின்ற ஆத்தா அப்போது, "எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். சபையில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"தண்ணிக்கு மேல சத்தம் நல்லாக் கேக்கும். ஏழுன்னுதான் சொன்னான். பெத்த பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா? அந்த மனுசன் எண்ணுனதும் கேட்டுச்சு."

தலைவர் மனுவை மடித்தார். பிறகு, "ஏன் ஆத்தா, இவ்வளவும் கேட்டுச்சுன்னா நீக ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?" என்றார்.

"போட்டிருக்கலாம்" என்றாள் ஆத்தா. "ஏழு பேரும் பொழச்சாச்சுன்னு காதுல விழுந்துச்சு. சந்தோசமா இருந்துச்சு. அவன் என்னைய எண்ணலங்குறது அப்பத் தோணவே இல்லங்கய்யா. நானும் என்னைய எண்ணல."

நான் தலைவர் பக்கம் திரும்பினேன். "ஏழுன்னுதான் சொன்னேன். அவர் மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. முத்து முத்தான அந்த மனுவைத் தலைவர் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். முதலாளி மறுநாளே மேஸ்திரியை வேலைக்கு வரச்சொல்லிவிட்டார். வெளியில் வந்து மேஸ்திரி கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு, "இன்னொரு தடவ முங்குனா எண்ணிக்கைய எழுதிக் குடுத்துருங்க தம்பி. எழுத்து நல்லா வருது ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "என்மேல கோவமா ஆத்தா?" என்று கேட்டேன்.

"கோவம் இருக்கு" என்றாள். நான் இல்லை என்பாள் என்று நினைத்திருந்தேன். "லாரி கெளம்புற சத்தம் கேட்டுச்சு பாரு, அப்ப வந்துச்சு. பேசாம இருந்துட்டமே, செத்துப் போயிருவோமேன்னு பயமும் வந்துச்சு. அப்புறம்தான் கத்துனேன். கேக்க ஆளில்ல. ஒன்மேல பாதி, என்மேல பாதி."

தை பிறந்தது. கலுங்கு ஓரம் பாதையைச் சரிசெய்து விட்டார்கள். மறுபடியும் பரிசத்துக்குப் புறப்பட்டோம். இந்தத் தடவை தண்ணீரே வேண்டாம் என்று சித்தப்பா ஒரு வாடகை வேன் பேசியிருந்தார். ஆத்தாவையும் கூட்டிப்போக வேண்டும் என்று முதல்நாளே நான் சண்டை போட்டுப் பார்த்தேன். அவர் பிடிகொடுக்கவில்லை. ஆத்தாவும் வாயைத் திறக்கவில்லை. காலையில் தட்டுகளோடு எல்லாரும் ஏறினோம். சித்தப்பா வேன் வாசலில் நின்று ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார். "அஞ்சு, ஆறு, என்னோட ஏழு."

"எட்டு."

வீட்டு வாசற்படியில் ஆத்தா நின்றாள். வெளுத்த சேலை, காலில் செருப்பு, கையில் ஒரு மஞ்சப்பை. தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னாள். சித்தப்பாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்.

"மதினி, ரெட்டைப்படை ஆகுதே..." என்று இழுத்தார்.

"ஒத்தைப்படைதான் வேணும்னா ஒங்கள்ல ஒருத்தர் எறங்கிக்கங்க கொழுந்தனாரே" என்றாள் ஆத்தா. "நான் எறங்குறதா இல்ல."

அவள் இன்னும் ஏறவே இல்லை. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

நான் இறங்கினேன். ஜன்னலோரமாக என் இடத்தில் ஆத்தா ஏறி உட்கார்ந்தாள். சித்தப்பா முதலிலிருந்து மறுபடி எண்ணினார்.