பிலோமினா அக்காவின் இஞ்சி பிஸ்கட்

பிலோமினா அக்கா நேற்று காலை இறந்துவிட்டார். இரண்டாவது ஸ்ட்ரோக்.

ஃபேக்டரி வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ மெழுகுவர்த்தி படம் போட்டிருந்தார்கள். யாருக்கு என்று மேலே தள்ளிப் பார்த்தால்... அக்கா பெயர்.

சுங்கை காடுட் ஃபேக்டரியில் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் பொருத்துவேன், அவர் செக் பண்ணுவார். என் பீஸுக்கு ரிஜெக்ட் போட்ட நாளில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். பிரேக்கில் "பசியாறுனியா?" என்று ஒரு வார்த்தை கேட்பார், கோபம் போய்விடும்.

கூட வேலை செய்தவர்களுக்கு அக்கா என்றால் இஞ்சி பிஸ்கட். கிறிஸ்மஸுக்கு ஆளுக்கு ஒரு டின். மேனேஜருக்கும் கிளீனருக்கும் ஒரே அளவு டின்.

அது ஒரு சமையல் புத்தகத்தில் இருந்து வந்தது. சர்ச்சில் பழைய சாமான் விற்றபோது வாங்கிய இங்கிலீஷ் புத்தகம், அட்டை கழன்று டேப் ஒட்டியிருக்கும்.

பனி பெய்கிற ஊர்க்காரர்கள் எழுதியது. வெந்ததும் வெளியே எடுத்து ஆறவை என்று போட்டிருக்கும். அக்கா வீடு லாபுவில், ரப்பர் எஸ்டேட் பக்கம். அங்கே அப்படி ஆறவைத்தால் மழைக்காற்றில் அரை மணி நேரத்தில் நமத்துவிடும்.

முதல் தடவை நானும் சேர்ந்து அவர் வீட்டில் சுட்டோம். உடைக்கப் போனால் வளைகிறது. அக்காவின் கணவர் சூசை அண்ணன் வந்து பார்த்தார்.

"எஸ்டேட்ல பொறந்த பிஸ்கட்டுல்ல... ரப்பராத்தான் வரும்."

அன்று அண்ணனுக்கு டீ கிடைக்கவில்லை.

அக்கா விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து ஒரு தட்டு சுடுவார். ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைப்பார். டக்கென்று சத்தம் வந்தால் பாஸ்.

"சத்தம் வரல லா. ரிஜெக்ட்!" ரிஜெக்ட் எல்லாம் எனக்கும் அண்ணனுக்கும்.

நான் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சரியாக வந்துவிட்டது. திங்கள்கிழமை என் காதுக்குப் பக்கத்தில் ஒன்றை உடைத்துக் காட்டினார்... என்ன சிரிப்பு அது. எப்படிக்கா என்று கேட்டேன்.

"எல்லாம் புக்குலயே எழுதி வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போயி செஞ்சு பாரு."

எடுத்துக்கொண்டு வந்தேன். செய்யவில்லை. எனக்குத் தீபாவளி முறுக்கு பிழியவே நேரம் இல்லை. செண்டாயானுக்கு வீடு மாறியபோது புத்தகம் ஏதோ பெட்டிக்குள் போய்விட்டது. அக்காவும் கேட்கவில்லை, அவருக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே.

முதல் ஸ்ட்ரோக் போன வருஷம் வந்தது. கை கால் பழையபடி அசைய ஆரம்பித்துவிட்டது. ஞாபகம்தான் அங்கங்கே ஓட்டை.

நவம்பரில் போன் பண்ணினார். "தேவி, அந்த புக்கு ஒங்கிட்டதானே இருக்கு? எப்படி சுடுவேன்னே மறந்துபோச்சுலா. கொண்டாந்து குடேன்."

"அடுத்த வாரம் வரேங்க்கா."

செண்டாயானிலிருந்து லாபுவுக்குக் காரில் அரை மணி நேரம். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது வெட்கமாகிவிட்டது. பெட்டியைத் தேடி, அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினேன். கட்டை விரல் படம் ஒன்று வந்தது. கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்மஸுக்கு டின் வந்தது. சூசை அண்ணன் மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்து கொடுத்தார். எடுத்துக் கடித்தால்... நமத்திருந்தது.

"நல்லா இருந்திச்சுக்கா" என்று போனில் சொன்னேன்.

"பொய் சொல்லாதடி. சத்தமே இல்ல. நீ அனுப்புனத பாத்து அளவு மாறாமதான் செஞ்சேன். மூணு தடவ. என் கைதான் போச்சு." பிறகு அவரே சொன்னார், "இப்ப நாந்தான் ரிஜெக்ட்."

நான் சிரித்தேன். ஜோக் அடிக்கிறார் என்று... இல்லை, அப்படி எடுத்துக்கொள்வதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

நேற்று அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இஞ்சி பிஸ்கட் பக்கத்தைத் திருப்பினேன். அந்தத் தாளின் மறுபக்கத்தில் பென்சிலில் அக்கா கையெழுத்து.

"வெந்ததும் வெளியே எடுக்காதே. ஓவனை அணைத்துவிட்டு கதவு இடுக்கில் மரக்கரண்டி வை. தட்டு உள்ளேயே இருக்கட்டும், முழுசா ஆறுகிற வரை. நம்ம ஊருக்கு இப்படித்தான்."

நான் அனுப்பியது முன்பக்கம் மட்டும். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்று மத்தியானம் புத்தகத்தோடு லாபுவுக்குப் போனேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்து, மெதுவாக வாசித்தார்.

"ஓவன அவளே பழைய பேப்பர் லோரிக்காரன்கிட்ட தூக்கிக் குடுத்துட்டாம்மா. வருசப் பொறப்பு முடிஞ்ச கையோட. இனிமே எதுக்குன்னு சொல்லிட்டா."

புத்தகத்தை மூடி என் கையிலேயே கொடுத்தார். "இப்ப சொல்லி என்னம்மா... விடு."

வந்தவர்களுக்குக் காப்பியும் கடை பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எடுக்கவில்லை.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அக்கா கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. போச்சு என்று சொன்ன அதே கை. புத்தகத்தைப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்க வாய் வரவில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன், இதோ மேசையில் கிடக்கிறது.

நாளை காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். பழைய ஃபேக்டரி லைன் ஆட்கள் முடிந்தால் வாருங்கள்.

அக்கா... உங்க கை போகலக்கா. நான்தான் பக்கத்தத் திருப்பிப் பாக்கல.

போய்ட்டு வாங்க.