மூன்றாவது காயம்

எங்கள் கம்பெனிப் பெண்கள் பொங்கலூரில் கபடி அரையிறுதியை ஜெயித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். ஆனால் எங்கள் பக்கம் மூன்று பேருக்கு அடி. ஒருத்திக்குச் சுண்டுவிரல் பிசகியது. ஒருத்திக்குப் புருவம் கிழிந்தது. மூன்றாவது அடி, எதிர்ப்பக்கம் பாடிப் போகிற எங்கள் முக்கியமான பெண்ணுக்கு. முழங்கால். தேனிப் பக்கத்துப் பெண், கம்பெனி விடுதியில் இருக்கிறாள். அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டத்தைப் பார்க்க, பெரிய அணிக்கு ஆள் எடுக்கிறவர் சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் ஷிப்டு முடிந்தும் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தாள்.

நான் அந்தப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். தைத்து வரும் பனியனில் தொங்குகிற நூலை டிரிம்மரால் நறுக்குவது வேலை. இருபது வருஷத்துக்கு மேலாயிற்று, என் மேசையிலிருந்து போன துணி ஒன்றும் திரும்பி வந்ததில்லை. ஆட்டத்துக்கு முந்தின நாள் டெய்லர் மிச்சத் துணியில் முழங்கால் உறைகள் தைத்துக் கொடுத்தபோதும், நூல் தொங்கியது பொறுக்காமல், யாரும் சொல்லாமலே நான்தான் சுத்தம் செய்து கொடுத்தேன். நம் பெண்கள் பிசிறோடு களத்தில் இறங்குவதா?

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. கபடி மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிவியில் எந்த ஊர் ஆட்டமானாலும் விடமாட்டேன். ஒரே ஆட்டத்தில் மூன்று பேர் விழுந்தால் அது தானாக நடப்பதில்லை. இறுதி ஆட்டத்தில் எங்களோடு மோதவேண்டியது, அன்று தோற்றவர்களின் முதலாளியுடைய மச்சான் கம்பெனி; எங்கள் ஆள் விழுந்தால் மச்சானுக்கு லாபம். நடுவர் வேறு இடைவேளையில் எதிர்ப்பக்கத்தாரிடம் இளநீர் வாங்கிக் குடித்தார். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

வேனில் திரும்பும்போது அந்தப் பெண் காலை நீட்டி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அவிங்க பக்கத்து மூணாம் நம்பர்க்காரி உன்ற காலத் தட்டியுட்டாளா இல்லியா? நெசத்தச் சொல்லு கண்ணு."

"என்னைய ஒருத்தியும் தொடல அம்மாச்சி. உறை நழுவிக் கால்ல மாட்டுச்சு."

"தொடாமயா உழுந்தே?"

"ஆட்டம் பூரா அவள மாமியா மாதிரி மொறச்சுக்கிட்டே இருந்தீக. தொட்டிருந்தா நீங்க விட்டிருப்பீகளா?"

வேனே சிரித்தது. எனக்கு அவள் மேலேயே சந்தேகம் வந்தது. யாராவது சொல்லி வைத்திருப்பார்களோ?

உறை சீட்டுக்கு அடியில் கிடந்தது. நகம் பட்டுக் கிழிந்த அடையாளம் இருக்கும், சாட்சிக்கு ஆகட்டும் என்று சோற்றுப் பையில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை டெய்லரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கிழியலீங்கக்கா. தையல் பிரிஞ்சிருக்குது. வால ஆரோ ஒட்ட வெட்டிப்போட்டாங்க."

தையல் முடிகிற இடத்தில் சடை மாதிரி நூல் வால் நிற்கும். பனியனில் அதன் மேல் இன்னொரு தையல் ஏறிவிடும், அதனால் ஒட்ட நறுக்கலாம். இந்த உறையில் மேல் தையல் கிடையாது. இழுபட இழுபட முனையிலிருந்து பிரிந்துகொண்டே வரும். யார் வெட்டியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு யாரையாவது சொல்லியிருப்பேனோ என்னவோ.

அன்று சாயங்காலமே விடுதிக்குப் போய், வாலை வெட்டியது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். மூன்று வாரம் காலை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கால்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்த மூணாம் நம்பர்க்காரிய வஞ்சதெல்லாம்?"

"சுண்டுவிரலு அவ வேலதான். அதுல எனக்குச் சந்தேகமில்ல."

அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வெளியே உட்கார்ந்திருக்க, எங்கள் பெண்கள் தோற்றார்கள். ஆள் எடுக்கிறவர் எங்கள் மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "யாரும் தொடாமலே விழுந்துச்சாமே. முழங்கால் வீக்கான பொண்ணு நமக்கு ஆகாது சார்."

நான் எழுந்து போனேன். கூட்டம் பார்த்தது. உறையை அவர் கையில் கொடுத்தேன்.

"அந்தப் புள்ள காலு நல்ல காலுங்க. இந்தத் தையல வெட்டுனது நானுங்க. நழுவித் தட்டியுட்டிருச்சு."

அத்தனை பேர் முன்னால் என் வேலையில் குற்றம் என்று நான் சொன்னது அது ஒருமுறைதான். அவர் உறையை இழுத்துப் பார்த்தார். கால் தேறினதும் அவளைச் சென்னைக்கு அனுப்பச் சொன்னார், அவளுடைய போன் நம்பரையும் எழுதிக்கொண்டார்.

அவர் எழுதியது நோட்டில் இல்லை, டீக்கடைப் பொட்டலக் காகிதத்தில். அதுதான் எனக்கு உறுத்துகிறது. தினமும் விடுதிக்குப் போய்ப் போன் வந்ததா என்று கேட்கிறேன். இல்லை என்கிறாள். அவள் சொல்வது நிஜமா என்று போனையும் வாங்கிப் பார்த்துவிடுகிறேன்.