முழங்கால் தண்ணீரில் ஒரு வீடியோ கால்

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வெள்ளத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் பக்கம் மழை பெய்தால் சந்தோஷப்படுவார்கள். செக்காலை ரோட்டில் தண்ணீர் தேங்கினால் ஆட்டோக்காரர் கொஞ்சம் கூடக் கேட்பார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான், கடலோர நகரம் ஒன்றை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற நிதி கேட்கும் கூட்டத்தில் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் என் சித்தப்பா மகன்.

பக்கத்து ஊரில் பழைய நகரத்தார் வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அதில் அவன் மேனேஜர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில் போன் செய்தான்.

“அக்கா, இங்க ஒரு மீட்டிங் நடக்குது. வெளிநாட்டு ஆளுக, டெல்லி ஆளுகள்லாம் வந்திருக்காக. தமிழ்ல பேசுறத இங்கிலீசுல சொல்ல ஆள் வேணுமாம். ஏற்பாடு பண்ணியிருந்த ஆளு கடைசி நேரத்துல வரலயாம். வாறீகளா?”

“எதப் பத்தி மீட்டிங்கு?”

“வெள்ளத்தப் பத்தி.”

“வெள்ளத்தப் பத்திப் பேச இங்குட்டு எதுக்குடா வந்தாக?”

“அங்க மழையாம்லக்கா.”

அவன் கேலியாகச் சொல்லவில்லை. விடுமுறை நாள்தானே என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு காலத்தில் கல்யாணப் பந்தி நடந்த கூடத்தில் ஏசி போட்டு, நீள மேசைகளைப் போட்டிருந்தார்கள். மேலே சரவிளக்கு. சுவரில் பெரிய திரை. கூட்டத்தை நடத்திய அம்மாள் வடக்கிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. கைத்தறிப் புடவை, மெல்லிய குரல். என்னைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னார். நகரத்துக் கால்வாய் ஓரக் குடியிருப்புகளுக்கு வெள்ளத் தடுப்புத் திட்டம். முதல் கட்ட நிதி செலவாகிவிட்டது. இரண்டாம் கட்டத்தைத் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய நிதி தருகிற நிறுவனத்துக்காரர் வந்திருக்கிறார். மதியம் அவர் முன்னால் ‘பாதிக்கப்பட்டவர்களின் குரல்’ என்று ஒரு நிகழ்ச்சி. அதை நான் மொழிபெயர்க்க வேண்டும்.

அந்தக் குரலைக் காரில் வைத்து முந்தின நாளே கூட்டி வந்திருந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், கால்வாய் ஓரத்தில் மீன் விற்கிற அக்கா. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் வணக்கம் சொன்னதும் நேராகக் கேட்டார்.

“எந்தக் கதைம்மா சொல்லணும்? சின்னதா, பெருசா? அழுவுறதா, அழுவாததா?”

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். இது மாதிரி நிறையக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாராம். காலேஜ் பிள்ளைகள் வந்தால் சின்னது போதும். கேமரா வந்தால் பெருசு. வெள்ளைக்காரர் வந்தால் புருஷனைப் பற்றிச் சொல்லச் சொல்லுவார்கள்.

“மீள்திறன், மீள்திறன்னு சொல்றாங்களே, அப்டீன்னா இன்னா?” என்று கேட்டார்.

“விழுந்தாலும் மறுபடி எந்திரிச்சு நிக்கிற சக்தின்னு வச்சுக்கங்களேன்.”

“அதுக்கா துட்டு கேக்குறாங்க?” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

சாப்பாடு ஒரு மணிக்கு. நண்டு மசாலா, உப்புக்கறி, இறால், காடை. கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, கால்வாசி தின்று, தட்டை அப்படியே வைத்துவிட்டு முற்றத்தைப் பார்க்கப் போனார்கள். ஓட்டுத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து கல்தொட்டிக்குப் போகிற வழியை ஒருவர் குனிந்து குனிந்து படம் எடுத்தார். இந்த வீட்டிலிருந்து நகரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் இன்னொருவர். எத்தனையோ வேலி நிலத்தின் விலையைக் கொட்டிக் கட்டிய வீட்டிலிருந்து கால்வாய் ஓரத்துத் தகரக் குடிசை என்ன கற்றுக்கொள்ளும் என்று எனக்கு விளங்கவில்லை. மேசைகளில் கடித்துப் போட்ட நண்டுக்கால்கள் குவிந்து கிடந்தன. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அக்கா நன்றாகச் சாப்பிட்டார்.

மதியம் அவரை மேடைக்கு அழைத்தார்கள். நிதி நிறுவனத்துக்காரர் முதல் வரிசையில் இருந்தார். நெடிய மனிதர். யார் எதைச் சொன்னாலும் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார்.

அக்கா பெருசைத்தான் சொன்னார். பக்கவாதத்தில் கிடந்த புருஷன். தண்ணீர் ஏற ஏறக் கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்கியது. செங்கல் தீர்ந்து போனது. அக்கம்பக்கத்துப் பையன்கள் கதவைக் கழற்றி, அதில் வைத்து அவரை மிதக்க விட்டு இழுத்துப் போனது. பள்ளிக்கூட முகாமில் காய்ச்சல் வந்து அவர் செத்துப்போனது. நான் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

முடித்ததும் கேமராக்காரர் கையைத் தூக்கினார். “சாரி, அவங்க மைக் ஆன் ஆகல. அந்தக் கட்டில் இடத்துலேருந்து இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க.”

அவருக்குத் தமிழ் தெரியும். அவரே கேட்டிருக்கலாம், என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, “கட்டிலுக்கு அடீல கல்லு வச்சேன்” என்று ஆரம்பித்துவிட்டார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. அணைத்தார். மறுபடி அடித்தது. எடுத்தார். மகள். தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. மருமகன் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். மகள் கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள்.

அக்கா எழுந்துவிட்டார். “நான் போவணும்மா. வண்டி சொல்லு.”

நான் கூட்டம் நடத்திய அம்மாளிடம் சொன்னேன். அவர் முகம் உண்மையாகவே வாடியது. “கண்டிப்பாக அனுப்பிவிடலாம்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். யோசனை ஓடுவது கண்ணில் தெரிந்தது. “போவதற்கு முன்னால் ஒன்று. மகளை வீடியோவில் அழைக்கச் சொல்லுங்கள். திரையில் போட்டுவிடலாம். நிதி தருகிறவர் நேரில் பார்க்கட்டும். இதைவிடப் பெரிய சான்று வேறென்ன இருக்கிறது?”

இதை நான் தமிழில் சொல்ல வேண்டும். “அக்கா, மகளத் திரையில காட்டணுமாம். உங்களுக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க. நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

அவர் முதல் வரிசையைப் பார்த்தார். “இதப் பாத்தா அவுரு துட்டு குடுப்பாரா?”

“தெரியலக்கா.”

“அப்ப போடு” என்று போனை நீட்டினார்.

திரையில் முதலில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. பிறகு அந்தப் பெண் தெரிந்தாள். முழங்கால் வரை தண்ணீர். தண்ணீர் என்றால் தண்ணீரா, சாக்கடை. கன்னங்கரேலென்று, மேலே என்னென்னவோ மிதந்தன. இடுப்பில் குழந்தை. பின்னால் கட்டிலின் மேல் காஸ் அடுப்பையும் அரிசி டப்பாவையும் ஏற்றி வைத்திருந்தாள். அவள் தன் திரையில் அம்மாவையும் பின்னாலிருந்த சரவிளக்கையும் பார்த்திருக்க வேண்டும்.

“எங்கம்மா கீற நீ? அங்க இன்னா, கல்யாணமா?”

என்ன சொல்கிறாள் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். ஒரு பெண் குறித்துக்கொண்டாள். நெடிய மனிதர் கையை நெஞ்சில் வைத்தார். முன்னெச்சரிக்கை குறுஞ்செய்தி வந்ததா என்று மகளிடம் கேட்கும்படி அந்த அம்மாள் என்னிடம் கிசுகிசுத்தார். நான் கேட்கவில்லை. குழந்தை அழுதது, தொடர்பு அறுந்தது.

கூடத்தில் கை தட்டினார்கள்.

எதற்குக் கை தட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தட்டி முடிந்ததும் தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்கள். பால் பணியாரம் கிண்ணங்களில் வந்தது. நான் எடுக்கவில்லை. பின்கட்டுக்குப் போய்க் குழாயில் முகம் கழுவினேன். திரும்பி வந்தால் அக்கா வாசலில் பையோடு நிற்கிறார். வண்டி? நிதி நிறுவனத்துக்காரர் கோயில் பார்க்கப் போகிறாராம், வண்டி அவரை விட்டுவிட்டு வந்து இவரை ஏற்றுமாம்.

“ஏறுங்கக்கா” என்று ஸ்கூட்டியைக் காட்டினேன். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் புறப்படத் தயாராக நின்றது. அங்கே மாறிக்கொள்ள வேண்டும். கண்டக்டரிடம் சொல்லி ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தேன். அவர் என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். “மழ நின்னா சொல்றேன்” என்றார்.

மறுநாள் சொன்னார். மகளும் பேத்தியும் எதிர்வீட்டு மாடியில் இருந்தார்கள். வீட்டில் அடுப்பு தப்பித்தது, பீரோ போய்விட்டது.

இரண்டாம் கட்ட நிதி வந்தது. சித்தப்பா மகன்தான் சொன்னான். பத்து மாதம் கழித்து, ஆவணி மழையின்போது அக்காவிடம் கேட்டேன், தெருவுக்கு என்ன வந்தது என்று.

“ஒரு கம்பம் நட்டுக்கிறாங்க. மேல லைட்டு. தண்ணி வந்தா செவப்பா எரியும்.”

“அப்புறம்?”

“அவ்ளோதான். தண்ணி வந்துச்சு, எரிஞ்சிச்சு. தண்ணி வந்தா காலுக்கே தெரியுதும்மா.”

மோட்டார் பம்பு கேட்டிருந்தார்களாம். அது திட்டத்தில் வராது என்று சொல்லிவிட்டார்களாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். காதில் அந்தக் கைதட்டல்தான் நின்றது.

போன ஐப்பசியில் தம்பி மறுபடி கூப்பிட்டான். அதே ஆட்கள், அதே கூடம், மூன்றாம் கட்டம். “எனக்கு வாந்தி வருதுடா, வேற ஆளப் பாரு” என்று சொல்லிவிட்டேன். சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கல்லூரியில் இரண்டு பேரிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து போன்.

“ஏன் டீச்சர் நீ வர்ல? நான் வந்திருந்தேன்ல.”

அவர் வருவார் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. அந்த இடத்துக்கு மறுபடி எப்படிப் போனீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

“போவலன்னா பம்பு எப்டிக் கேக்குறது?” என்றார். “இந்த வாட்டி ஒரு ஆம்பள வந்து சொன்னாரு. நான் பம்பத்தான் கேட்டேன். அவுரு இங்கிலீசுல இன்னா சொன்னாரோ, எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கிற மாதிரி நான் ஒண்ணும் சொல்லலியே.”

அன்று மாலையே தம்பிக்குப் போன் செய்தேன். அந்த ஆட்கள் அடுத்து எப்போது வந்தாலும் எனக்குத்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

“வாந்தி வருதுன்னீக?”

“வரத்தான்டா செய்யுது. நீ கூப்பிடு.”