ஐந்து நிமிஷம் முன்னால்

நாக்கின் நுனியில் ஒரு சிட்டிகை மரத்தூளை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். நாம் வாசலில் நிற்பது அவருக்குத் தெரியும். ஒரு விரலை உயர்த்தி நம்மைக் காக்க வைக்கிறார். பிறகு துப்பிவிட்டு, "இன்னும் ஒரு மாசம் காயணும்" என்கிறார். பலகையைத் தட்டிப் பார்க்கிற தச்சர்களைக் கண்டிருக்கிறேன். தின்று பார்க்கிறவர் இவர் ஒருவர்தான். தெருவில் அவருக்கு மரவண்டு என்று பெயர். அந்தப் பெயரில் கூப்பிட்டால் கோபமில்லாமல் திரும்பிப் பார்ப்பார்.

மாதத்தில் பத்து நாள் ஊருக்குக் கதவும் ஜன்னலும் செய்கிறார். மீதி இருபது நாளும் "நம்ம வேலை". அந்த இருபது நாளையும் தாங்குவது அவர் மனைவி. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வீட்டு வாடகையிலிருந்து உளி தீட்டும் கல் வரை அந்தச் சம்பளத்தில்தான் வருகிறது. கூடத்தையும் கணவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். அவர்களுடைய கட்டில் சமையலறைக்குள் ஒரு காலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அவரை மரவண்டு கூப்பிடுவது "டிரைவர்" என்றுதான். மாடியில் குடியிருக்கும் என்னை "மாடி" என்கிறார்.

நம்ம வேலையில் பிறந்தவை எல்லாம் பிறந்த வீட்டிலேயே இருக்கின்றன. மரத்தாலேயே ஆன பூட்டு ஒன்று சாவியை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. மடக்கு ஏணி ஒன்று, நான் நாலாவது படியில் நின்றபோது, தான் மடங்கப் பிறந்தது என்பதை நினைத்துக்கொண்டது. இழுப்பறைப் பெட்டி ஒன்றைக் காற்றுப் போகவும் இடுக்கில்லாமல் இழைத்திருக்கிறார். மேலறையைத் தள்ளினால் கீழறை வெளியே வரும், கீழறையைத் தள்ளினால் மேலறை.

"பஸ்ல நான் பிரேக் போட்டா அறுபது பேரும் அடங்கி உக்காருவாங்க," என்றார் மனைவி. "வீட்டுக்குள்ள எனக்கு ஒரு எதிர்க்கட்சி செஞ்சு வச்சிருக்காரு."

"ஒரு இடுக்கு காட்டு பாக்கலாம்," என்றார் மரவண்டு.

நான் எதையும் சட்டென்று பாராட்டிவிடுவதில்லை. குனிந்து தேடினேன். கிடைக்கவில்லை.

இரண்டு வருஷமாக நடந்தது கடிகார வேலை. பற்சக்கரம், முள், ஊசல் எல்லாம் மரம். சக்கரத்தை இழுக்கும் எடைக்கு மட்டும், பணிமனையில் கழித்துப் போட்ட இரும்புக் குண்டுகளை மனைவி கைப்பையில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். பக்கத்துத் தெரு நூலகத்தின் தலைமை அம்மாள் ஜன்னல் செய்யச் சொல்ல வந்த இடத்தில் அதைப் பார்த்துவிட்டார். "ஒரு வாரம் ஓட்டி, தினமும் நோட்டுல எழுதி வைங்க. ஒழுங்கா இருந்தா வாசிக்கிற அறையில மாட்டறேன். இல்லேன்னா அந்த இடத்துக்கு பேட்டரிக் கடிகாரம் வந்துடும்." வியாழன் காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நம்ம வேலை ஒன்று முதன்முதலாக வாசலைத் தாண்டப் போகிறது. மரவண்டு இரண்டிரண்டு படியாக ஏறி வந்து என்னிடம் சொன்னார். இறங்கிப் போய், மறுபடி ஏறி வந்து மறுபடியும் சொன்னார்.

கடிகாரத்துக்கு அவர் இரண்டு சட்டம் வைத்திருந்தார். ஒன்று, ஒரு நாளைக்கு ஒரு முறைதான் சரிபார்ப்பது, அதுவும் குளித்துவிட்டு வந்து, ரேடியோவில் ஏழு மணி அடிக்கும்போது. மற்றது, முள்ளைத் தொடவே கூடாது. "முள்ளைத் தள்றது, பரீட்சையில நமக்கு நாமே மார்க் போட்டுக்கற மாதிரி." ஊசல்குண்டுக்கு அடியில் ஒரு திருகு இருக்கிறது. ஒரு சுற்று இறக்கினால் நாளுக்கு ஒரு நிமிஷம் மெதுவாகும். கை வைப்பதானால் அதில்தான்.

முதல் நாள் காலை கடிகாரம் ஐந்து நிமிஷம் முன்னால் இருந்தது. ஐந்து சுற்று இறக்கினார். மறுநாளும் ஐந்து நிமிஷம் முன்னால். மேலும் ஐந்து சுற்று. மூன்றாம் நாள், ஈரத் தலையுடன் என் கதவைத் தட்டினார்.

"மாடி, அது வேணும்னே பண்ணுது. நாலும் இல்லை, ஆறும் இல்லை. அதே அஞ்சு."

அவர் முகத்தில் கவலையைத் தேடினேன். குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொல்ல வந்தவர் போல இருந்தார். மரத்துக்கும் ஞாபகம் உண்டோ என்று நான் பொதுவாக ஒரு கேள்வியைக் கேட்டுத் தொலைத்தேன். "அதான்," என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். அன்று முழுக்கக் கீழே அவர் சீட்டியடிப்பது கேட்டது.

சாயங்காலம் மனைவி வந்து, "இன்னிக்கு எப்படி?" என்று கேட்பார். அவரைக் கவலைப்படுத்த வேண்டாமென்று, "கனகச்சிதம்" என்பார் இவர். மனைவி தனக்குள் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணம் இருந்தது என்பது வியாழக்கிழமைதான் தெரிந்தது.

அன்று மனைவிக்கு விடுமுறை. கடைசி நாளுக்குச் சாட்சி வேண்டுமென்று மரவண்டு என்னை அழைத்துக்கொண்டு இறங்கினார். ஏழு அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. கூடத்தில் மனைவி முக்காலிமேல் நின்றுகொண்டிருந்தார். விரல் பெரிய முள்ளின் மேல் இருந்தது.

"என்ன பண்ற?"

"தூசி தட்டறேன்."

"முள்ளுலயா?"

மனைவி இறங்கினார். "அரை மணி லேட்டுங்க. அந்தம்மா வேற வராங்க. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"தினமும் தள்ளினியா?"

"வேலைக்குக் கிளம்பறப்ப. முதல் ரெண்டு நாள் அஞ்சுதான். அப்புறம் பத்து, பதினஞ்சுன்னு ஏறி, நேத்து இருபத்தஞ்சு. நீங்க கனகச்சிதம்னு சொல்லும்போதெல்லாம், என் விரல் போட்ட பிச்சைன்னு நினைச்சுக்குவேன்."

"முதல் நாள் அது சரியா இருந்திருக்கணுமே."

"என் வாட்ச்சுக்கு அஞ்சு நிமிஷம் பின்னாடி இருந்துச்சு."

அப்போது ரேடியோவில் ஏழு அடித்தது. மூவரும் அந்த வாட்ச்சைப் பார்த்தோம். அதில் ஏழு ஐந்து.

"வண்டிக்கு லேட் ஆயிடக் கூடாதுன்னு," என்று மெதுவாகச் சொன்னார் மனைவி. "வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு முன்னாடி வச்சது. மறந்தே போச்சு."

கடிகாரம் முதல் நாளே சரியாகத்தான் இருந்திருக்கிறது. மனைவி தன் வாட்ச்சைப் பார்த்து முன்னே தள்ளினார். கணவர் ரேடியோவைக் கேட்டு மெதுவாக்கினார். இவர் மெதுவாக்க மெதுவாக்க அவர் கூடுதலாகத் தள்ளினார். ஏழு மணிக்கு மட்டும் மாறாமல் அதே ஐந்து நிமிஷம்.

மரவண்டு இழைத்த சுருள்களின் மேல் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "முதல் நாளே சரி, டிரைவர். முதல் நாளே!"

"சிரிக்காதீங்க. நோட்டுல என்ன எழுதியிருக்கீங்க?" என்று அதட்டிய மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திருகை முப்பது சுற்று ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் மனைவி "ரைட்" என்றார். முன்னால் போய்விட்ட ஐந்து நிமிஷத்துக்கும் மரவண்டு முள்ளைத் தொடவில்லை. ஊசலைக் கையில் பிடித்துக்கொண்டு, உலகம் வந்து சேரட்டும் என்று ஐந்து நிமிஷம் நின்றார்.

பத்து மணிக்கு நூலக அம்மாள் வந்தார். மரவண்டு நோட்டை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்தார். ஆறு நாளும் ஐந்து நிமிஷம் முன்னால் என்று எழுதியிருந்தது. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தினமும் இதே அஞ்சா?"

"அதே அஞ்சுங்க."

"மூடற நேரத்துக்கு எங்க அறையில ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டேங்கறாங்க. நானும் விளக்கை அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்துட்டேன். அஞ்சு நிமிஷம் முன்னாடி ஓடறதுதான் எனக்கு வேணும். இன்னிக்கே எடுத்துக்கறேன்." பிறகு கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்போ சரியா இருக்கே," என்றார், ஏமாந்த குரலில்.

"இனிமே சரியாத்தான் இருக்கும்," என்றார் மரவண்டு.

"அப்ப எனக்கு எதுக்கு? அந்த அஞ்சு நிமிஷத்தோட குடுங்க."

மரவண்டு கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். உள்ளங்கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். பிறகு முக்காலியை இழுத்துக் கடிகாரத்தின் கீழ் போட்டார்.

"டிரைவர், நீயே தள்ளிடு."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி ஏறினார். தன் வாட்ச்சைப் பார்த்துப் பார்த்து, மரமுள்ளை அதற்குச் சமமாகக் கொண்டுவந்தார்.

"ஆச்சா?"

"ஆச்சு."

மரவண்டு திரும்பவில்லை. கண்ணை இறுக மூடியபடி, மனைவி பிடித்து இறங்குவதற்குக் கையை மட்டும் பின்னால் நீட்டினார்.